டால்டன் துரையின் அல்சூர் மழை

டால்டன் துரையின் முதுகுக்குப் பின்னால் ஹால் முழுவதும் எழுந்துகொண்டிருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

நாங்கள் பார்த்தோம். மேடைக்கு முன்னால் இடுப்பளவு ஆழத்தில் ஒரு பள்ளம். அதில் வாத்தியக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர், கோலைப் பிடித்துக் கோஷ்டியை நடத்திக்கொண்டிருந்த அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். நான் செகண்ட் வயலின். என் வில் மடியில் கிடந்தது. பாட்டின் அந்த இடத்தில் ட்ரம்மைத் தவிர வேறு யாருக்கும் வேலை இல்லை. பள்ளத்தின் கோடியில் ட்ரம் வாசித்துக்கொண்டிருந்தவர் என் கணவர் சவரிமுத்து.

இரண்டு குச்சிகளையும் தோல்மேல் உருட்டிக்கொண்டிருந்தார். முதலில் சத்தமே இல்லை. அடுத்த வீட்டில் யாரோ முறத்தில் அரிசி புடைப்பதுபோல ஒரு சரசரப்பு. அது மெல்ல வளர்ந்து, நாற்காலிக் கால் வழியாக என் பாதத்துக்கு வந்து சேர்ந்தது.

முதல் வரிசையில் ஜெனரல் எழுந்தார். குதிகால்களைச் சேர்த்தார், கைகளைத் தொடையோடு ஒட்டினார், முகவாயை உயர்த்தினார். அவருக்குப் பின் அவர் மனைவி, பிறகு அந்த வரிசை, பிறகு அடுத்த வரிசை. அந்த ஹாலில் மடக்கு நாற்காலிகள். ஆள் எழுந்தால் உட்காரும் பலகை தானாக மடங்கி நாற்காலி முதுகில் டப்பென்று அடிக்கும். டப், டப், டப் என்று சத்தம் பின்னால் நகர்ந்துபோய் மாடிக்கு ஏறியது. மாடியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். அவர்களுக்கும் பின்னால் பெஞ்சுகளில் நம் ஜனங்கள், குமாஸ்தாக்களும் காலேஜ் பையன்களும். எல்லோரும் நின்றார்கள்.

ராஜா பாட்டு வரப்போகிறது என்று நின்றார்கள்.

வந்தது ஃப்ளூட். மழை விட்ட ஈரத் தெருவில் ஜட்கா குதிரை துள்ளிக்கொண்டு ஓடுகிற மெட்டு.

ஜெனரல் அந்தக் குதிரை ஓட்டத்தை விறைப்பாக நின்றபடியே கொஞ்ச நேரம் கேட்டார். நிற்பதா உட்காருவதா என்று அவருக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. அப்போது மாடியில் ஒருவன் சிரித்தான். அடுத்த நிமிஷம் மாடி முழுக்கச் சிரித்தது.

உட்கார்ந்தே வாசித்தவர்கள்

இளைய வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்ல வேண்டும். இந்தத் தொடரில் நான் அடிக்கடி வழி தப்பிப் போகிறேன் என்று ஆசிரியர் தம்பிக்கு வருத்தம்தான். ஆனாலும் இதைச் சொல்லாவிட்டால் ஒன்றும் புரியாது.

அந்தக் காலத்து பெங்களூர் கன்டோன்மென்டில் நாடகமோ சினிமாவோ கச்சேரியோ, எதுவானாலும் ஆரம்பத்திலோ முடிவிலோ ராஜா பாட்டு, அதாவது இங்கிலாந்து ராஜாவுக்கான வாழ்த்துப் பாட்டு, உண்டு. பாட்டுக்கு முன்னால் ட்ரம்மில் ஒரு நீண்ட உருட்டல் வரும். அந்த உருட்டல்தான் உத்தரவு. கேட்டதும் எழுந்து நிற்க வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும், வாயில் பீடி இருந்தால் துப்ப வேண்டும். யோசித்து எழுபவர் யாருமில்லை. காதில் சத்தம் விழுந்தால் முழங்கால் தானாக நிமிர்ந்துவிடும். குழந்தைகள்கூட அப்படித்தான்.

ஊரிலேயே அந்தப் பழக்கம் விட்டுப்போனவர்கள் நாங்கள் ஒரு கூட்டம்தான். ராஜா பாட்டை வாசிக்கிறவர்கள் நாங்கள். செல்லோ என்கிற பெரிய வயலினை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தியிருப்பவர் எப்படி எழுந்து நிற்பார்? பள்ளத்துக்குள் உட்கார்ந்தே வாசிப்போம், உட்கார்ந்தே முடிப்போம். அந்த உருட்டல் எங்களுக்கு எழுந்து நிற்கச் சொல்லும் சத்தம் இல்லை, வில்லைக் கையில் எடுக்கச் சொல்லும் சத்தம்.

அதனால்தான் அந்த முட்டாள்தனம் நடந்தது. டால்டன் துரை ஒரு புதுப் பாட்டை ட்ரம் உருட்டலில் ஆரம்பித்தார். காலி ஹாலில் வாரக்கணக்கில் ஒத்திகை பார்த்தோம். ஒருவருக்காவது தோன்ற வேண்டுமே, இதைக் கேட்டால் ஜனங்கள் எழுந்துவிடுவார்கள் என்று? தோன்றவில்லை. எப்போதும் உட்கார்ந்தே வாசிக்கிறவர்களுக்கு அது தோன்றாது. துரையோ நின்றுகொண்டே நடத்துகிறவர். ஏற்கெனவே நிற்கிற மனிதருக்கு எழுந்து நிற்கிற யோசனை எங்கிருந்து வரும்?

வேறொரு வருஷமாக இருந்தால் அதோடு சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அது யுத்த காலம். கன்டோன்மென்ட் எங்கும் பட்டாளம். அந்த ஆகஸ்டில் ஆரம்பித்த கலவரம் இன்னும் அடங்கவில்லை. ராத்திரி சுவரில் 'வெள்ளையனே வெளியேறு' என்று எழுதுவார்கள், காலையில் போலீஸ்காரர்கள் சுண்ணாம்பு அடிப்பார்கள், மறுநாள் சுண்ணாம்பின்மேல் எழுதியிருக்கும். நாங்கள் குடியிருந்த ஆஸ்டின் டவுனில், பக்கத்துத் தெருவில் ஒரு மில் தொழிலாளி. கையில் கரி இருந்தது என்று பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் மனைவி தினம் ஜெயில் வாசலுக்குச் சாப்பாடு கொண்டுபோய், திருப்பி எடுத்துக்கொண்டு வருவார்.

அப்படிப்பட்ட நாளில், ராஜாவுக்காக எழுந்து நின்ற ஒரு ஜெனரலைப் பார்த்து ஹாலே சிரித்தது. சிரிக்க வைத்தது என் கணவரின் ட்ரம்.

டீ ஆறக் கூடாது

டால்டன் துரை யார் என்று சொல்கிறேன்.

இங்கிலாந்தில் கடலோர ஊர் ஒன்றில் பிறந்தவர். கடலுக்குள் நீளும் மரப்பாலத்தில் கோடைகாலத்தில் பேண்டு வாசிப்பார்களாம். அதில் அவருடைய அப்பா கார்னெட் என்ற பித்தளை ஊதுகுழல் வாசித்தவர். காற்று அடித்தால் பாதி சுரம் கடலுக்குப் போய்விடும், மீதியைத்தான் ஜனங்கள் கேட்பார்கள் என்பார் துரை. மீசை முளைக்கும் முன்னே பட்டாளத்து பேண்டில் சேர்ந்தார். இருபது சொச்சம் வயதில் ஒரு வால்ட்ஸ், ஜோடியாகச் சுழன்று ஆடுவதற்கான மெட்டு, எழுதினார். ஒரு கோட்டு தைக்கிற காசுக்கு அதை லண்டனில் ஒரு பதிப்பாளருக்கு விற்றுவிட்டார்.

அந்த வால்ட்ஸ் ஓடோ ஓடென்று ஓடியது. ஓட்டல், கப்பல், பனிச்சறுக்கு மைதானம் எல்லாவற்றிலும் அதுதான். பதிப்பாளர் முதல் அச்சில் அவர் பெயரைச் சின்னதாகப் போட்டார், அடுத்த அச்சில் எடுத்தே விட்டார். பல வருஷம் கழித்து இங்கே ஒரு பேக்கரியில் கிராமபோனில் அதைக் கேட்டாராம். இசைத்தட்டில் யாரோ ஒரு பேண்டுக்காரரின் பெயர் இருந்தது. பேக்கரிக்காரரிடம் இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, பன்னுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்துவிட்டார். எங்கள் கச்சேரிகளில் யாராவது ஒரு சிப்பாய் அந்த வால்ட்ஸை வாசிக்கச் சொல்லிச் சீட்டு அனுப்புவான். துரை அதை மடித்துப் பையில் போட்டுக்கொள்வார். ஒருநாளும் வாசிக்க விட்டதில்லை.

முதல் மகாயுத்தத்துக்கு முன்னால் பட்டாளத்தோடு பெங்களூர் வந்தார். வந்த வருஷமே அவர் மனைவி விஷக் காய்ச்சலில் போனார். ஓசூர் ரோடு கல்லறையில் அடக்கம். பட்டாளம் கப்பலேறியது, இவர் ஏறவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்தக் கல்லறைக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோவார்.

பிறகு ஊமைப்படக் கொட்டகையில் வாத்தியக் கோஷ்டி நடத்தினார். என் கணவருக்கும் அவருக்கும் பழக்கம் அங்கேதான். சவரிமுத்து பிளாக்பள்ளி மாதா கோயில் தேர்ப் பவனியில் ட்ரம் அடித்துக் கற்றவர். படத்தில் குதிரை ஓடினால் இவர் ஓட வேண்டும், துப்பாக்கி வெடித்தால் இவர் வெடிக்க வேண்டும். பேசும் படம் வந்தது. இருவருக்கும் ஒரே நாளில் வேலை போனது. என் கணவர் கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, யுத்தம் வந்தபின் ஏரோப்ளேன் ஃபேக்டரியில் ஃபிட்டர் ஆனார். துரை லிங்கராஜபுரத்தில் ஓர் ஓட்டு வீட்டுக்குக் குடிபோய், பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தார்.

அவர் எழுதியதெல்லாம் லேசான சங்கீதம். அதை அவரே அப்படித்தான் சொல்வார், வெட்கமில்லாமல். பெரிய சங்கீதம் எழுதுகிறவனுக்கு ஜனங்கள் எழுந்து நின்று மரியாதை செய்வார்கள், என் சங்கீதத்துக்கு யாரும் எழுந்து நிற்க வேண்டாம், உட்கார்ந்து டீ குடிக்கட்டும், கேட்டு முடிப்பதற்குள் டீ ஆறிப்போனால் தப்பு என்னுடையது என்பார். டீ குடிக்கிறவர்களுக்காக ஒரு மனுஷன் இப்படி உயிரைவிடுவாரா என்று எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. மூன்று நிமிஷப் பாட்டில் ஒரே ஒரு சுரத்துக்காகச் சாயங்காலம் முழுக்க எங்களை வாட்டுவார். வாட்டி எடுத்துவிட்டு, கடைசியில் பழைய சுரமே இருக்கட்டும் என்பார். சிரிப்பு அடங்கிவிட்டது.

கோலாரிலிருந்து ஒரு வாசகர் போன வாரம் கேட்டிருந்தார், வெள்ளைக்காரருக்கு ஏன் இவ்வளவு கொடி பிடிக்கிறீர்கள் என்று. கொடி பிடிக்கவில்லை ஐயா. முழுக்கப் படியுங்கள். அவர்மேல் எனக்குள்ள கோபம் இனிமேல்தான் வருகிறது.

தகரக் கூரை

யுத்தம் வந்ததும் கன்டோன்மென்டில் பட்டாளம் பெருகியது. பிரிகேட் ரோடுக்குப் பின்னால் மூடிக்கிடந்த ஒரு ஹாலைத் திறந்தார்கள். துரையைக் கூப்பிட்டு கோஷ்டி அமைக்கச் சொன்னார்கள். கான்வென்டில் வயலின் கற்ற எனக்கும் அதில் இடம் கிடைத்தது. கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, வாரத்தில் இரண்டு மாலை, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே சைக்கிளில் போவோம். ஆஸ்டின் டவுன் கண்கள் எங்களைத் தின்றன. தின்னட்டும் என்று விட்டோம்.

அந்த ஹாலுக்குத் தகரக் கூரை. ஒருநாள் ஒத்திகையில் மழை பிடித்தது. அல்சூர் ஏரிப் பக்கமிருந்து வந்தது. முதலில் தூரத்தில் ஒரு சரசரப்பு, பிறகு பரேட் மைதானம், பிறகு எங்கள் தலைக்கு மேல். ஒருவர் வாசிப்பது ஒருவருக்குக் கேட்கவில்லை. எல்லோரும் நிறுத்திவிட்டோம். துரை கோலைக் கீழே வைத்துவிட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டதும் தெருவில் ஒரு ஜட்கா மணி கேட்டது. அவர் என் கணவர் பக்கம் திரும்பி, இதை அப்படியே உன் தோலில் எடுத்து வை என்றார்.

அதுதான் 'அல்சூர் மழை'. என் கணவருக்குத் தாளில் பார்த்து வாசிக்கத் தெரியாது. மற்ற எல்லோருக்கும் துரை தாளில் எழுதித் தருவார். ட்ரம்முக்கு மட்டும் வாயால் முனகிக் காட்டுவார், கையால் ஜாடை காட்டுவார். எங்கே ஆரம்பிக்க வேண்டும், எங்கே ஏற வேண்டும், எல்லாம் அந்த இடது கைதான். கை நீண்டால் ட்ரம் வரும், கை மடங்கினால் ட்ரம் நிற்கும். பல வருஷப் பழக்கம்.

மழை பாட்டில் இரண்டு தடவை வரும். ஆரம்பத்தில் ஒன்று. குதிரை மெட்டு முடிந்து, மெதுவான வயலின் பகுதி முடிந்து, மறுபடியும் ஒன்று. அதை மறந்துவிடாதீர்கள்.

அந்தச் சனிக்கிழமை மாலை ஜெனரல் வருகிறார் என்று சொன்னபோது துரை இரண்டு முறை முகச்சவரம் செய்துகொண்டு வந்திருந்தார். காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். தென்னிந்தியப் பட்டாளங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு சங்கீதத் தலைவரை நியமிக்கப் போகிறார்கள். அவர் எழுதும் பாட்டுகளை லண்டனில் இசைத்தட்டாகப் போடுவார்கள். தட்டில் பெயர் இருக்கும். ஜெனரல் அன்று கேட்டுவிட்டு முடிவு சொல்வார். அறுபது தாண்டிய மனிதருக்கு இதற்குமேல் இன்னொரு வாய்ப்பு வராது.

இரண்டாவது மழை

சிரிப்பு அடங்கியது. ஜெனரல் உட்கார்ந்தார். அவர் கழுத்து சிவந்துபோனது பள்ளத்திலிருந்தே தெரிந்தது. டப் டப்பென்று பலகைகளை இறக்கி எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

துரை திரும்பவில்லை. முகத்தில் ஒரு சின்னப் புன்னகைகூட இருந்தது. சிரிப்பைக் கேட்டு, பாட்டு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் என்றே நாங்கள் எண்ணினோம். லேசான சங்கீதத்துக்கு ஜனங்கள் சிரிப்பது நல்லதுதானே.

குதிரை மெட்டு முடிந்தது. வயலின் பகுதிக்கு வந்தோம். என் கண் தாளில் இல்லை, பள்ளத்தின் கோடியில் இருந்தது. வயலின் பகுதி முடிந்தால் மழை வரும். மழை வந்தால் ஹால் மறுபடியும் எழும். இந்தத் தடவை தெரியாமல் நடந்தது என்று யார் நம்புவார்கள்? வாசிக்க வாசிக்க அந்த இடம் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. மெதுவாக வாசிக்கலாம் என்றால் நான் ஒருத்தி மெதுவாக வாசித்து என்ன ஆகப்போகிறது.

சவரிமுத்துவும் என்னைப் பார்த்தார். நான் தலையை அசைத்தேன். வேண்டாம். மறுபடியும் அசைத்தேன். அவர் குச்சிகளைக் கையில் எடுத்துவிட்டார், ஆனால் தோலுக்கு மேலே பிடித்தபடி வைத்திருந்தார். நெற்றி வியர்வை மூக்கில் இறங்குவதைத் துடைக்கவில்லை.

வயலின் பகுதி முடிந்தது. நாங்கள் எல்லோரும் வில்லைத் தூக்கினோம். ஹாலில் சத்தமே இல்லை.

துரையின் இடது கை ட்ரம் பக்கம் நீண்டது.

என் கணவர் அந்தக் கையைப் பார்த்தார். முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம் ஆரம்பித்தது.

முதலில் மாடியில் காலேஜ் பையன்கள் எழுந்தார்கள். இந்தத் தடவை வேண்டுமென்றே எழுந்தார்கள், சிரித்துக்கொண்டே. சிப்பாய்கள் பாதிப் பேர் எழுந்தார்கள், பாதிப் பேர் எழுந்தவர்களைச் சட்டை பிடித்து இழுத்தார்கள். யாரோ ஒருவன் விசில் அடித்தான். கீழே நல்ல கவுன் போட்ட ஓர் அம்மாள் பழக்கத்தில் எழுந்து, வெட்கப்பட்டு உட்கார்ந்து, மறுபடியும் எழுந்தார். ஜெனரலும் எழுந்தார். ஆனால் நிற்கவில்லை. நடுவழியில் நடந்து, கதவைத் தாண்டிப் போய்விட்டார். அவர் பின்னாலேயே ஒரு கேப்டன் ஓடினார்.

மழை நன்றாகத்தான் பெய்தது. அதையும் சொல்ல வேண்டும். அவ்வளவு அழகாக என் கணவர் அதற்கு முன்னால் வாசித்ததே இல்லை.

கிரீன் ரூம்

கிரீன் ரூமில் பவுடர் வாசனையும் பித்தளை பாலிஷ் வாசனையும் கலந்து அடிக்கும். எங்கள் எல்லோரையும் அங்கே நிற்க வைத்தார்கள். கேப்டன் மேஜை விளிம்பில் உட்கார்ந்தார். கதவருகே போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து நின்றார். அவ்வளவு சீக்கிரம் எங்கிருந்து வந்தாரோ.

கேப்டன் கத்தவில்லை. கத்தியிருந்தால் பயம் குறைந்திருக்கும். ராஜாவின் பாட்டைக் கேலி செய்வது யுத்த காலத்தில் என்ன குற்றம் என்று இன்ஸ்பெக்டருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நிதானமாக ஆரம்பித்தார். ஹால் மானேஜர் ஓர் ஆங்கிலேயர். இடத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் அவசரத்தில் இருந்தார். ட்ரம் வாசிக்கிறவனுக்குத் தாளே கிடையாது, அவன் இஷ்டத்துக்கு அடிப்பான், மிஸ்டர் டால்டனுக்கு முதுகில் கண் இல்லையே என்று அவரே எடுத்துக்கொடுத்தார். கயிறு என் கணவர் கழுத்துக்கு வந்துவிட்டது.

கேப்டன் துரையைப் பார்த்துத் தலையசைத்தார். அவரைத் தப்பிக்க வைப்பதில் கேப்டனுக்கு விருப்பம்தான். முதல் தடவை தவறு என்றே வைத்துக்கொள்வோம், அதை மிஸ்டர் டால்டன் எழுதியிருந்தாலும் பாதகமில்லை, ஜெனரலிடம் சிரித்துப் பேசி முடித்துவிடலாம் என்றார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"ஆனால் முதல் தடவை என்ன நடந்தது என்று இவன் கண்ணால் பார்த்தான். பார்த்துவிட்டு இரண்டாவது தடவையும் அடித்தான். அதற்கு யார் பொறுப்பு?"

சவரிமுத்து துரையின் பக்கம் பார்க்கவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

என்னால் முடியவில்லை. அவர் தானாக அடிக்கவில்லை, கை காட்டினார்கள், அடித்தார் என்று இங்கிலீஷில் சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொன்னேன். யார் இந்தப் பெண் என்று கேப்டன் மானேஜரைக் கேட்டார். அவன் மனைவி என்றார் மானேஜர். அவ்வளவுதான். ஃப்ளூட்காரரும் செல்லோக்காரரும் சுவரைப் பார்த்தார்கள். அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்.

இனி துரை ஒருவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொல்லி முடித்தேன். அவர் பேசவில்லை. இன்ஸ்பெக்டர் ஓர் அடி முன்னால் வந்து என் கணவரின் முழங்கையைப் பிடித்தார். அப்போதும் பேசவில்லை. பக்கத்துத் தெரு மில் தொழிலாளியின் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு நடக்கிற நடை என் கண்ணில் வந்தது. அந்தத் தூக்கு என் கையில் இருந்தது. பேசுய்யா, பேசித் தொலை என்று மனசுக்குள் திட்டினேன். நல்ல வார்த்தைகள் இல்லை, இங்கே எழுத முடியாது.

வெளியே ஹாலில் தோட்டிகள் பெருக்க வந்திருந்தார்கள். நாற்காலிப் பலகைகளை ஒவ்வொன்றாக இறக்கித் தூசி தட்டிவிட்டுக் கையை எடுத்தார்கள். டப். டப். டப்.

துரை தலையை நிமிர்த்தினார்.

"அந்தச் சத்தம் கேட்கிறதா, கேப்டன்?" என்றார். "நாற்பது வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் கேட்கிற சத்தம் அது. முதல் தடவையே எனக்குத் தெரியும், எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்று. திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமில்லை."

கேப்டன் அவரை உற்றுப் பார்த்தார். மானேஜர் ஏதோ சொல்ல வந்தார். துரை அவரைப் பேச விடவில்லை.

"இரண்டாவது தடவை, எல்லாம் தெரிந்து, நான்தான் கையை நீட்டினேன். ட்ரம் என் கையைப் பார்த்து வாசிக்கிறவர். நான் கேட்டேன், அவர் கொடுத்தார். அவரை விடுங்கள்."

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேப்டன் கேட்டார். அது விசாரணைக் கேள்வி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். துரை கொஞ்சம் யோசித்து, நிறைந்த ஹாலில் அதை ஒரு தடவையாவது முழுசாகக் கேட்க வேண்டும் என்று இருந்தது என்றார்.

இன்ஸ்பெக்டர் கையை எடுத்தார். எழுதியதும் வெள்ளைக்காரர், கை காட்டியதும் வெள்ளைக்காரர். இதில் அவருக்கு வேலை இல்லை. கேப்டன் தொப்பியை எடுத்துக்கொண்டு, துரையிடம் கை கொடுக்காமல் போனார். அந்த நியமனமும் இசைத்தட்டும் தட்டில் அச்சாகவிருந்த பெயரும் அவரோடு வாசலைத் தாண்டிப் போயின. மானேஜர் அங்கேயே, எங்கள் முன்னாலேயே, இனி வர வேண்டாம் என்று துரையிடம் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில்

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். நான் உட்காரும் கேரியரில் ட்ரம்மைக் கட்டியிருந்தார். ரிச்மண்ட் டவுனைத் தாண்டினோம்.

"தொர வாயத் தொறக்க எவ்ளோ நேரம் ஆச்சி, பாத்தீங்களா?" என்றேன்.

"தொறந்தாரு இல்ல?"

"போலீஸ்காரன் கையப் புடிச்ச அப்புறந்தான?"

"அவரு எடுத்துக் குடுத்தது சின்ன சாமானா ரெஜி? எடுக்க நேரம் புடிக்கும்ல."

"மொதல்லயே தெரியும்னு அவரே சொல்றாரு. தெரிஞ்சிதான் உங்கள மாட்ட வுட்டாரு."

அவர் கொஞ்ச தூரம் சைக்கிள் மணியைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு, "அவருக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும்," என்றார்.

"தெரியும்னா? நான் தலய ஆட்றேன், ஆட்றேன். அப்பறமும் ஏன் அடிச்சீங்க?"

"கை கேட்டுச்சி. அடிச்சேன்." இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். "மழ நல்லா வந்துச்சில்ல?"

கட்டையால் அடிக்கலாம்போல இருந்தது அந்த மனுஷனை. சிரிப்பும் வந்தது. நடுரோட்டில் சிரித்துக்கொண்டே அழுதேன்.

சில நாள் கழித்து டால்டன் துரை முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். சவரிமுத்து ஃபேக்டரிக்குப் போயிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். டீ போட்டு வைத்தேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்து அவருக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தைதான். அதில் ஒன்றை எடுத்து, "கோபம்?" என்று கேட்டார்.

"ஆமா," என்றேன்.

"கரெக்ட்," என்றார். டீயை ஆறுவதற்குள் குடித்துவிட்டு, கோப்பையைச் சமையலறை வாசல் வரை தாமே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

கிரீன் ரூமில் அவர் காத்த அந்த மௌனத்துக்காக நான் அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்காதீர்கள். இன்றைக்கும் சில நேரம் மன்னிக்கிறேன், சில நேரம் இல்லை.

லிங்கராஜபுரத்தில்

யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வந்தது. பட்டாளங்கள் கப்பலேறின. துரை இந்தத் தடவையும் ஏறவில்லை. லிங்கராஜபுரத்தில் அதே ஓட்டு வீடு, அதே பியானோ. கையெழுத்துத் தாள்களைக் கரையான் தின்றுவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சுதந்திரம் வந்த மறுவருஷம், மழைக்காலத்தில், தூக்கத்திலேயே போய்விட்டார்.

சின்னக் கோயில். அடக்க ஜெபத்துக்கு வந்தவர்கள் சில பெஞ்சுகளுக்குத்தான் இருந்தார்கள். பியானோ கற்ற பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மார்களும், அவருக்குச் சட்டை தைத்த டெய்லர், பால்காரர், ஒரு ஜட்காக்காரர். பழைய கோஷ்டியில் ஃப்ளூட்காரர், செல்லோக்காரர், நாங்கள் இருவர். கோயிலுக்குள் ட்ரம்மா என்று பாஸ்டர் தயங்கினார். என் கணவர் அவரிடம் தனியாகப் போய் ஏதோ பேசினார். சரி, ஒரு பாட்டு மட்டும் என்றார் பாஸ்டர்.

சவப்பெட்டி எங்கள் முன்னால் இருந்தது. எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் வயலினைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை காட்ட ஆள் இல்லை. சவரிமுத்து பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

முறத்தில் அரிசி. பிறகு ஏரிக்கரை, பிறகு மைதானம். ராஜா பாட்டு அதற்குள் ஊரைவிட்டே போயிருந்தது. எந்தக் கொட்டகையிலும் அதை வாசிப்பதில்லை. அந்தப் பழக்கமும் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். முதலில் டெய்லர் எழுந்தார். பிறகு ஜட்காக்காரர், தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு. பெஞ்சுகள் கிறீச்சிட்டன. பிள்ளைகள், தாய்மார்கள், பால்காரர், எல்லோரும்.

என் முழங்காலும் நிமிர்ந்தது. வாத்தியத்தோடு எழுந்து நின்றேன். பக்கத்தில் செல்லோக்காரர் செல்லோவைத் தரையில் சாய்த்துவிட்டு எழுந்தார். வாத்தியம் கையில் இருக்கும்போது அந்தச் சத்தத்துக்கு நாங்கள் எழுந்து நின்றது வாழ்க்கையில் அன்று ஒரு தடவைதான்.

மழை விட்டது. ஃப்ளூட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு குதிரை மெட்டை வாசிக்க ஆரம்பித்தார். யாரும் உட்காரவில்லை.